மாத்திரையை மறக்காமல் போடுகிறார்கள், நடக்க மட்டும் மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மாத்திரைப்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ராஜபாளையம் பக்கம், சத்திரப்பட்டியை ஒட்டிய ஒரு கிராமம். ஊர் முழுக்கத் தறிச்சத்தம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி எங்கள் பக்கம்தான் நெய்கிறார்கள். 2021-இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது மகளிர் குழுவிலிருந்து என்னைத் தன்னார்வலராக எடுத்தார்கள். பிரஷர் மிஷின், சர்க்கரை பார்க்கும் மிஷின், மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கும். அந்தப் பையோடு தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு வந்து கையை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. முன்பெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இப்போது தீர்ந்துபோனால் அவர்களே போன் போடுகிறார்கள். என் கவலை நடை பற்றியது. ‘தினமும் அரை மணி நேரம் நடங்க’ என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். ‘சரிம்மா’ என்கிறார்கள். அடுத்த மாதம் போனாலும் அதே நாற்காலி, அதே ‘சரிம்மா’. மூன்று பேரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இவர்கள் மூவரையும் நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

முதலில் தறி அண்ணன். வயது 54. நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதுவரை ஆறு தறியை ஒரே ஆளாகப் பார்த்தவர். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போடுவார், நூல் சுற்றிய தாரை மாற்றுவார், ஷிப்ட் முடியும் வரை உட்காரவே மாட்டார். இப்போது திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீர்ச் சொம்பைக்கூட மதினிதான் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நடைப்பயிற்சி’ என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது. எவ்வளவு, எப்படி, எப்போதிலிருந்து என்று ஒன்றும் இல்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்கும்போதெல்லாம் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவார். போன செவ்வாய்க்கிழமை மதினி அடுப்பைப் பார்க்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உள்ள வச்ச கம்பி, நடந்தா நகந்துருமோன்னு இருக்கு தாயி.” நாலு மாதமாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். ‘அதெல்லாம் நகராதுண்ணே’ என்றேன். ஆனால் ஏன் நகராது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது இட்லிக்கடை அக்கா. வயது 47. பிரஷர் 160/100, சர்க்கரையும் உண்டு. அவருடைய அப்பா, அண்ணன் இரண்டு பேருமே நெஞ்சுவலியில் போனவர்கள். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றால் பதினொரு மணிக்குத்தான் உட்காருவார். ‘நாள் பூரா நின்னுக்கிட்டேதான இருக்கேன், இதுக்கு மேல என்ன நடக்கச் சொல்ற?’ என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது.

மூன்றாவது ஒரு பெரியம்மா. வயது 68. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி. ஆனால் அவர் நடக்காததற்குக் கால் காரணம் இல்லை. பெரியப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. ‘விடியக்காலைல நான் தெருவுல எதிர்ல வந்தா, வேலைக்குப் போறவுக மூஞ்சி சுளிப்பாக. எதுக்குத் தாயி’ என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் விட்டால் அப்புறம் வெயில். எங்கள் ஊர் ஜூன் வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும்.

‘நடங்க’ என்று இனிமேல் சும்மா சொல்லப் பிடிக்கவில்லை. இவர்களை உண்மையிலேயே எழுந்து நடக்க வைக்க என்ன செய்யலாம்? இந்த வேலையில் இருப்பவர்கள், நோயாளியாக இருந்து மீண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


கைக்கடிகாரம் எழுதியது:

அடிகளை எண்ணும் வாட்ச் ஒன்று கட்டிவிடுங்கள் அக்கா. ஒரு நாளைக்கு 10,000 அடி என்று இலக்கு வைத்தால் தானாக நடப்பார்கள். எங்கள் ஆபீஸில் எல்லோரும் இப்படித்தான் மாறினோம். இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் அரசே 8 கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்கிறது. அங்கே கூட்டிப்போகலாம்.


பிசியோ_மதுரை எழுதியது:

அக்கா, வணக்கம். நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். 14 வருடமாக இதய நோயாளிகளோடுதான் வேலை. நீங்கள் எழுதியதில் மிகப் பெரிய விஷயம், தறி அண்ணன் தன் பயத்தை உங்களிடம் சொன்னது. அதை வாங்குவதற்கு எங்களுக்கெல்லாம் பல நாள் ஆகும்.

அந்தக் கம்பி விஷயத்தை அவருக்கு இப்படிச் சொல்லுங்கள். ஸ்டென்ட் என்பது வலை போன்ற சின்னக் குழாய். பலூனை உள்ளே வைத்து ஊதி, ரத்தக் குழாயின் சுவரோடு அதை அழுத்திப் பதித்திருப்பார்கள். சில மாதங்களில் குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். வேலிக்கம்பியை மரம் உள்வாங்கிக்கொள்கிற மாதிரி. நடப்பதால் அது நகராது. அதற்கு உண்மையான ஆபத்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதுதான். இதைச் சொல்லும்போது மதினியும் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொண்டுவந்து கொடுப்பதும் இதே பயத்தால்தான்.

நடக்கத் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சரி என்றால் முதல் வாரம் ஐந்தே நிமிடம், தெருவுக்குள்ளேயே போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம். ஆரம்பத்திலும் முடிவிலும் மெதுநடை, நடுவில் மட்டும் கொஞ்சம் வேகம். திடீரென்று நிற்கக் கூடாது. எவ்வளவு வேகம் என்று கேட்பார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நாடியைப் பிடித்து எண்ணச் சொல்லாதீர்கள். மாரடைப்புக்குப் பின் பலருக்கு மெட்டோப்ரொலால் மாதிரி மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது நாடித்துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும், எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அங்கேயே உட்கார வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது சட்டைப்பையில் இருக்க வேண்டும், பீரோவில் இல்லை. வலி விடவில்லை என்றால் உடனே 108. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. என்ன வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்தான் தைரியமாகக் காலை எடுத்து வைப்பார்.

இன்னொன்று செய்து பாருங்கள். எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஆறு நிமிட நடை என்று ஒரு சோதனை உண்டு. 30 மீட்டர் தூரத்தை அளந்து, அதில் போய்த் திரும்பி, ஆறு நிமிடத்தில் மொத்தம் எத்தனை மீட்டர் நடந்தார் என்று குறிப்போம். அண்ணனுக்குப் பதினைந்து நிமிடம் நடக்கப் பழகிய பிறகு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, அதையே அவர் தெருவில் வைத்துப் பாருங்கள். பிறகு நாலு வாரம் கழித்து மறுபடி. தன் கணக்கைத் தானே பார்க்கிறவர் நாற்காலிக்குத் திரும்புவது அரிது.

இட்லிக்கடை அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நாள் முழுக்க நிற்பது உடம்பைக் களைக்க வைக்கும், ஆனால் மூச்சு வாங்க வைக்காது. இதயத்துக்கு வேலை கொடுக்க அந்த மூச்சு வாங்குதல் வேண்டும். அவருக்கு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கப் போவதில்லை. கிடைக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் என்று சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை 2020-இல் எடுத்துவிட்டார்கள். கடை கட்டிய பின் ஐந்து நிமிடம், சாயங்காலம் காய்கறி வாங்கப் போகையில் பத்து நிமிடம், எல்லாம் சேரும். பிரஷர் 180/110-ஐத் தாண்டி இருக்கும் நாளில் நடை வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். 160/100 இருப்பவருக்கும் மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாவுக் குண்டானை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மூச்சை அடக்கித் தூக்கும் அந்த நொடியில் பிரஷர் சட்டென்று ஏறும்.

அந்தத் தம்பி சொன்ன 10,000 அடி பற்றி. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்பதுதான் அதன் பெயரே. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,700 அடி வைத்தவர்களைவிட 4,400 அடி வைத்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. திண்ணையில் இருப்பவரிடம் பத்தாயிரம் என்று சொன்னால் முதல் நாளே கைவிட்டுவிடுவார் தம்பி. ஆபீஸுக்கு அது நல்ல இலக்குதான், தொடருங்கள்.

பெரியம்மாவின் முழங்காலுக்கு ஒரு பயிற்சி: கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஐந்து தடவை, பிறகு பத்து. தொடைச் சதை பலமானால் மூட்டுக்குப் பாரம் குறையும். தெருவில் நடப்பது பற்றி அவர் சொன்னதற்கு என்னிடம் மருந்து இல்லை. பெண்கள் யாராவது எழுதுங்கள்.


பழைய கண்டக்டர் எழுதியது:

அம்மா, நான் அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். 2019-இல் மாரடைப்பு. எனக்கும் ஸ்டென்ட் இருக்கிறது. உங்கள் தறி அண்ணன் பேசியதைப் படித்ததும் நானே பேசின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் இரவில் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் படுப்பேன். துடிக்கிறதா துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வாழ்நாள் பூராவும் ஓடுகிற பேருந்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் போய் வந்த ஆள், கழிப்பறைக்குப் போகக்கூட மகனைக் கூப்பிட்டேன். ‘இத்தனை வருஷம் நடந்தே வேலை பாத்தவனுக்கு ஏன் வந்துச்சு’ என்ற கோபம் வேறு. நடந்தும் வந்த நோய்க்கு மறுபடி நடையா என்று தோன்றியது. பீடி பிடித்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. டிப்போவில் இறங்கினால் பீடி, டீ குடித்தால் பீடி.

என்னை எழுப்பியது ஒரு நர்ஸ் அம்மா. மருந்து வாங்கப் போன இடத்தில், ‘நடக்கிறீங்களா’ என்று கேட்காமல், ‘உங்க வீட்டுல இருந்து டீக்கடை எவ்வளவு தூரம்?’ என்று கேட்டார். எட்டு வீடு தள்ளி என்றேன். ‘நாளைக்குக் காலைல பேப்பர் அங்க போய்ப் படிங்க. வீட்டுக்குப் பேப்பர் போட வேண்டாம்னு சொல்லிருங்க. வீட்டுக்காரம்மா கூட வரட்டும்’ என்றார். அவ்வளவுதான் அம்மா சொன்னார். பேப்பரை நிறுத்தியதும் எனக்கு வேறு வழி இல்லை. காலையில் தினசரி படிக்காமல் இருக்க முடியாது எனக்கு.

முதல் நாள் மூன்று இடத்தில் நின்றேன். என் மனைவி கையைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கிற தூரத்திலேயே வந்தாள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, ‘வாங்க ரைட்டு, உக்காருங்க’ என்றார். ஊரில் என்னை ‘ரைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பாட்டைக் கேட்டு ஐம்பது நாள் ஆகியிருந்தது. பேப்பரை விரித்துப் பிடித்து அதற்குள் அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் பிழைத்துக்கொண்டேன் என்று என் மனதுக்குப் பட்டது. பீடியையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் விட்டேன்.

பிறகு டீக்கடையிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து பெருமாள் கோவில். இப்போது காலை நாற்பது நிமிடம். அந்த நர்ஸ் அம்மா ஒவ்வொரு மாதமும், ‘எது வரைக்கும் போறீங்க?’ என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றே ஒரு வீடு கூடுதலாகப் போவேன். நீங்களும் மாதாமாதம் போகிறீர்கள் இல்லையா, அதே கேள்வியைக் கேளுங்கள். ‘நடந்தீங்களா’ என்றால் ‘ஆமா’ என்று சொல்லித் தப்பிக்கலாம். ‘எது வரைக்கும்’ என்றால் இடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிசியோ ஐயா, ஒரு சந்தேகம். நடந்து வேலை பார்த்தவனுக்கு ஏன் வந்தது? இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.


பிசியோ_மதுரை எழுதியது:

ஐயா, உங்கள் தொழிலை வைத்துத்தான் இந்தத் துறையே தொடங்கியது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் ஒரு நாளில் ஏறத்தாழ 600 படி ஏறி இறங்குவார். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரி வருமானம். ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அந்த முதல் சில நாட்களில் பிழைத்துக்கொள்பவர்கள் அவர்களில் அதிகம். பிற்பாடு மாரிஸே ஓட்டுநர்களின் சீருடை அளவைப் பார்த்து, வேலைக்குச் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனாக இருந்தார்கள் என்றும் சொன்னார். அதனால் எல்லாப் புகழும் படிக்கட்டுக்கு மட்டும் இல்லை. ஆனாலும் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் அவர் சொன்ன பக்கமே சாய்ந்தன. மாரிஸ் 99 வயது வரை இருந்தார்.

உங்களுக்கு ஏன் வந்தது என்று கேட்டீர்கள். நடை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பீடி ரத்தக் குழாயைக் கெடுப்பதை நடையால் ஈடுகட்ட முடியாது. ஒரு தனி மனிதரைப் பற்றி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த 31 வருட நடை வீணாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள் ஐயா. உங்கள் இதயம் பழகியிருந்தது.

மாத்திரைப்பை அக்காவுக்கு ஒன்று. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-இல் வந்தது. நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். அதாவது சர்க்கரை வராமல் தடுப்பதில், நீங்கள் வாயால் சொல்லும் அறிவுரையும் உங்கள் பையில் இருக்கும் மாத்திரைக்குச் சமமான மருந்துதான். ஆனால் அங்கேயும் ஒருமுறை சொல்லிவிட்டு விடவில்லை, மறுபடி மறுபடி தொடர்புகொண்டு கேட்டார்கள்.


தறிவீட்டு மருமகள் எழுதியது:

அக்கா, பெரியம்மா சொன்னதை என் மாமியாரும் அப்படியே சொன்னார்கள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. ஊர் வாயை நாம் ஒரே நாளில் அடைக்க முடியாது. அதுவரை அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா என்ன? நான் செய்தது, நேரத்தை மாற்றினேன், ஆளைச் சேர்த்தேன். காலைக்குப் பதில் சாயங்காலம் ஐந்தரைக்கு. ஒருவராகப் போகாமல் எங்கள் தெருவில் அதே மாதிரி இருக்கிற இரண்டு பேர், சுமங்கலிகள் இரண்டு பேர், நான். ஆறு பெண்கள் சேர்ந்து பேசிக்கொண்டே போகும்போது யார் எதிரில் வந்தார்கள் என்ற பேச்சே வராது. முதல் வாரம் கோவிலைச் சுற்றினோம், கோவிலுக்குப் போவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்புறம் கண்மாய்க்கரை.

இன்னொன்று, தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் எறியாதீர்கள். நடந்த நாளின் தாளில் எத்தனை நிமிடம் என்று எழுதி, பில் குத்தும் கம்பியில் குத்தி வையுங்கள். என் மாமியாருக்கு எழுதத் தெரியாது. நடந்த நாளுக்கு ஒரு மூலையை மட்டும் மடித்துக் குத்துவார்கள். மாதக் கடைசியில் மடித்த தாளை எண்ணிப் பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை.


மாத்திரைப்பை எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது ஆடி, மலைப்பக்கமிருந்து காற்று நன்றாக அடிக்கிறது. சாயங்காலம் தெருவில் நடக்க இதமாக இருக்கிறது.

தறி அண்ணனிடம் வேலிக்கம்பியை மரம் உள்வாங்கும் கதையைச் சொன்னேன். மதினி பக்கத்தில் நின்று கேட்டார். அவர்கள் வீட்டுப் பின்னால் ஒரு பூவரச மரம், பழைய முள்வேலிக்கம்பி அதற்குள் புதைந்து கிடக்கிறது. அண்ணன் எழுந்து போய் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ‘அப்ப சரி’ என்றார். அடுத்த வாரம் டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

முதலில் ஐந்து நிமிடம்தான். பதினைந்து நிமிடம் பழகியதும் ஆறு நிமிட நடைக்குத் தெருவை அளக்க டேப் கேட்டேன். ‘என்கிட்ட மீட்டர் கட்டை இருக்கையில டேப் எதுக்கு?’ என்று துணி அளக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். முப்பது மீட்டரையும் குனிந்து நிமிர்ந்து அவரே அளந்தார், நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டார். அன்றைக்கு ஆறு நிமிடத்தில் 264 மீட்டர். நாலு வாரம் கழித்து 342. ‘ஏதோ தப்பா எண்ணிட்ட’ என்று என்னை மறுபடி எண்ணச் சொன்னார். மறுநாள் வைத்துப் பார்த்ததில் 345. எண்ணை நாள்காட்டித் தாளில் எழுதிக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். தண்ணீரை அவரே எழுந்துபோய் மோந்து குடிக்கிறார்.

இட்லிக்கடை அக்கா வாரத்தில் மூன்று நாள்தான் நடக்கிறார். முகூர்த்த நாள் ஆர்டர் வந்தால் அதுவும் இல்லை. பிரஷர் 146/90-க்கு வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையும் மாற்றியிருப்பதால் நடையால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் குண்டானைத் தூக்க மகனைக் கூப்பிடுகிறார், அதில் எனக்கு நிம்மதி. கண்டக்டர் ஐயா சொன்ன கேள்வியைத்தான் இவரிடம் கேட்கிறேன். போன மாதம் ‘தபால் ஆபீஸ் வரைக்கும்’ என்றார், இந்த மாதம் ‘பஸ் ஸ்டாப்பு’ என்றார்.

பெரியம்மாவுக்கு ஐந்து பேர் சேர்த்தோம், தறி மதினியும் ஒருவர். அம்மன் கோவிலில் தொடங்கி இப்போது கண்மாய்க்கரையின் முதல் மடை வரை போகிறோம். ஒருநாள் பைக்கில் வந்த ஒருவர் பெரியம்மாவைப் பார்த்து நிறுத்தி முணுமுணுத்தார். பெரியம்மா திரும்பி வீட்டுக்குப் போகத்தான் பார்த்தார். மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்க வாங்கத்தே’ என்று முன்னால் நடந்தார். அடுத்த இரண்டு நாள் பெரியம்மா வரவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் கேட்காமலே வாசலில் நின்றார்.

இப்போது ஒரு புதுக் கவலை. பெரியம்மா வெறுங்காலோடு நடக்கிறார். சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் மரமரப்பும் உண்டு என்கிறார். நேற்று இடது குதிகாலில் ஒரு முள் ஏறியிருந்ததை நான் பார்க்கும் வரை அவருக்குத் தெரியவே இல்லை. எடுத்து, கழுவி, சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டோம், புண் இல்லை. முள் குத்திய இடம் ஆறும் வரை நாற்காலிப் பயிற்சி மட்டும். சர்க்கரைக்காரர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு அளவு எப்படி எடுப்பது பிசியோ சார்? ஊக்கு இல்லாமல் குதிகாலில் வார் மாட்டுகிற மாதிரி வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்தத் தெரு முறை, அதற்குள் சொன்னால் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்து வந்துவிடுவேன்.